தரைக்கோட்டுக்குக் கீழே வெற்றுத்தாள்

கோயில் கட்டடக்கலை பற்றித் தமிழில் வந்திருக்கும் எந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உபானம், ஜகதி, குமுதம், பட்டிகை என்று அதிட்டானத்தில் ஆரம்பித்து ஸ்தூபி வரை ஏறிப்போகும். ஷடங்க விமானம் என்கிறோமே, அந்த ஆறு அங்கமும் தரைக்கு மேலேதான் இருக்கிறது. வெட்டுத்தோற்றம் என்று ஒரு படம் போட்டிருப்பார்கள். அதுவும் தரைக்கோட்டில் வந்து நின்றுவிடும். கோட்டுக்குக் கீழே வெற்றுத்தாள்.

அலெக்சாண்டர் ரீ 1909ல் வெளியிட்ட பல்லவக் கட்டடக்கலை நூல் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு பொக்கிஷம். கைலாசநாதர், வைகுந்தப்பெருமாள், மதங்கேசுவரர், முக்தேசுவரர் என்று ஒவ்வொன்றையும் அளந்து வரைந்திருக்கிறார். நான் எத்தனையோ ராத்திரி அந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவருடைய அக்கறையும் தரைக்கு மேலேதான். அவரைக் குறை சொல்ல முடியாது. நிற்கும் கட்டடத்தின் அடியைப் பார்க்க வேண்டுமானால் தோண்ட வேண்டும், தோண்டினால் கட்டடத்துக்கு ஆபத்து. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் அந்த வெற்றுத்தாளை வெற்றுத்தாளாகவே வைத்திருக்கிறோமே, அதுதான் என் புகார். அதைவிடப் பெரிய புகார், அங்கே கட்டுக்கதையை எழுதி நிரப்புவது.

'அஸ்திவாரமே இல்லாமல் நிற்கும் அதிசயக் கோயில்' வகை வீடியோக்களைத்தான் சொல்கிறேன். வாரம் ஒன்று என் போனுக்கு வருகிறது. அனுப்புகிறவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, 192 அடி உயரம். மீட்டரில் 58 சொச்சம். கீழே கல், மேலே செங்கல்லும் சுதையும். மேலே போகப்போகக் குறுகுகிறது, உள்ளே கூடு, நடுவில் வாசல். இதெல்லாம் போக முழு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டியான கட்டுமானம் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 20 மீட்டர். கன மீட்டருக்கு இரண்டு டன் என்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 40 டன். இது என்னுடைய தோராயக் கணக்கு, பத்து டன் முன்னேபின்னே இருக்கட்டும். நம் பக்கத்தில் வீடு கட்டும்போது களிமண் கலந்த தரைக்கு 10 டன், கொஞ்சம் நல்ல மண்ணுக்கு 20 டன் என்றுதான் பொறியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் அந்தப் பாரத்தை அகலமாகப் பரப்பிக்கொடுக்க அடியில் ஏதோ இருக்கிறது. 500 வருடம் அந்த எடையில் அமுங்கி அமுங்கி மண்ணும் இறுகியிருக்கிறது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் நீரோ பாறையோ தட்டும் வரை தோண்டச் சொல்கின்றன, மணல் கொட்டி நீர் விட்டு இறுக்கச் சொல்கின்றன. 'அஸ்திவாரம் இல்லை' என்று சொல்வது அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகுமா? அவர்கள் பட்ட பாட்டையே இல்லை என்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம். அந்த மண் இறுகி நிற்பதற்கு எடை மட்டும் காரணமில்லை. பக்கத்து மண் அதை விலக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் உயரப் பள்ளம் வெட்டினால் அந்தப் பிடி போய்விடும். கொத்தனார்கள் கடைக்கால் பள்ளத்தை 'வானம்' என்பார்கள். வானம் தோண்டுவது, வானம் வெட்டுவது. தரைக்கு அடியில் போகும் குழிக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் ரொம்பப் பிடித்த சொல். பழைய கட்டடத்தின் ஓரத்தில் வானம் வெட்டுவது, அதன் ஒரு பக்கத்து மண்ணை ஆகாயமாக்குவதுதான்.

பழைய கட்டடத்துக்கு அடியில் தோண்டியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்கிறார்கள்? இதிலும் ஒரு கதாநாயகன் கதை சுற்றுகிறது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பகுதியை 13ஆம் நூற்றாண்டில் சதுப்பு மண் மேல் மரக்கட்டைகளைப் பரப்பிக் கட்டியிருந்தார்கள். 1900களின் தொடக்கத்தில் சுவர் சாய்ந்து பிளக்க ஆரம்பித்தது. குழி வெட்டினால் தண்ணீர் பொங்கியது, இறைத்தால் மண்ணும் சேர்ந்து வந்துவிடும் என்ற பயம். அதனால் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை, கலங்கிய நீரில், இருட்டில், கையால் தடவித் தடவி சதுப்பை எடுத்துவிட்டு காங்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். சுமார் 235 குழிகள், 25,000க்கும் மேற்பட்ட மூட்டைகள். 'தனி மனிதர் ஒரு பேராலயத்தைத் தன் கைகளால் காப்பாற்றினார்' என்று எழுதாதவர் இல்லை.

வாக்கரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் கதை சொல்கிறவர்கள் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவர் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் பொறியாளர் பிரான்சிஸ் பாக்ஸ் தரைக்கு மேலே என்ன செய்தார்? சாயும் சுவர்களுக்கு வெளியிலிருந்து பெரிய மரங்களை முட்டுக் கொடுத்தார். வளைவுகளுக்கு அடியில் சென்டரிங் வைத்தார். சுவர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார். சுவருக்குள் இருந்த பொந்துகளில் சிமெண்ட் குழம்பை அழுத்தி ஏற்றினார். மேலே ஒரே உடம்பாக ஆன பிறகுதான் கீழே கை வைத்தார்கள். அப்போதும் ஒரு குழி, அது முடிந்து இறுகிய பிறகு, தள்ளி இன்னொரு குழி. 235 என்ற எண் அப்படித்தான் வந்தது. ஒரே நீளமாக வெட்டியிருந்தால் ஐந்து வருடம் ஆகியிருக்காது, பேராலயமும் இருந்திருக்காது.

மென்பொருள்காரனாக எனக்கு இது நன்றாகப் புரியும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் டேட்டாபேஸை மாற்றும் வேலையில், புது டேட்டாபேஸ் எப்போதும் பிரச்சனை கொடுத்ததில்லை. பழசும் புதுசும் சேர்ந்து பாரம் சுமக்கும் அந்த நடு ராத்திரி இருக்கிறதே, அதில்தான் எல்லாம் விழும்.

பைசா கோபுரம் இதற்குச் சரியான சாட்சி. 1990ல் மூடினார்கள். 1993ல் சாய்வுக்கு எதிர்ப்பக்கமான வடக்கில் சுமார் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள், பலன் கொடுத்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பூமிக்குள் நங்கூரம் போட்டு ஈயத்தை எடுத்துவிடலாம் என்று அடுத்த திட்டம். நங்கூரம் போட அடிவாரத்தில் தோண்ட வேண்டும், நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, ஆகவே திரவ நைட்ரஜனை விட்டு மண்ணை உறைய வைத்தார்கள். 1995 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் கோபுரம் ஒரு வருடத்தில் சாய்வதைவிட அதிகம் தெற்கே சாய்ந்தது. அலறியடித்துக்கொண்டு இன்னும் 300 டன் ஈயம் ஏற்றினார்கள். உலகத்தின் தலைசிறந்த மண்ணியல் நிபுணர்கள் உட்கார்ந்திருந்த குழு அது. கோபுரத்தை விழும் நிலைக்குக் கொண்டுபோனது அதைக் காப்பாற்றச் செய்த தற்காலிக வேலை. கடைசியில் வடக்குப் பக்க மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை போட்டு எடுத்து, அரை டிகிரி நிமிர்த்தி, 2001ல் திறந்தார்கள்.

நம் நாட்டில் கொல்கத்தா பவ்பஜாரில் 2019 ஆகஸ்ட் கடைசி நாள் ராத்திரி மெட்ரோ சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தட்டியது. நீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய, மேலே துர்கா பிதுரி லேனில் பழைய வீடுகள் சரிந்தன. 2022ல் மறுபடியும் அதே பகுதியில் விரிசல். அதே பாதையில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் கரன்சி கட்டடத்துக்கும் இரண்டு யூத ஜெபாலயங்களுக்கும் எவ்வளவு தூரத்தில் போகலாம் என்று தனி அனுமதி, தனி ஆய்வு எல்லாம் நடந்தது. பெயர்ப் பலகை இல்லாத வீடுகளுக்கு அந்த அளவு யோசிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

சரி, வின்செஸ்டரில் செய்ததை அப்படியே காஞ்சிபுரத்தில் செய்யலாமா? 'வெளிநாட்டில் எல்லாம் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடுகிறார்கள், நம்ம ஊரில் வீட்டையே தூக்குகிறார்களே' என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இங்கேதான்.

தூக்கும் வேலையிலோ அடியில் தோண்டும் வேலையிலோ வழக்கமான முறை, சுவரின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டு, உத்தரங்களைக் குறுக்கே நுழைத்து, இரண்டு முனைகளையும் பள்ளத்துக்கு வெளியே தாங்கிகளின் மேல் வைப்பது. துணியில் ஊசி ஏறுவதுபோல் சுவரில் ஏறும். காரை போட்டுக் கட்டிய செங்கல் சுவர் என்றால் ஓட்டைக்கு மேலே வளைவாகப் பிடித்து நிற்கும். நம் கற்கோயில் சுவர் அப்படி இல்லை. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் துண்டுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. வெளிக்கற்கள் பெரும்பாலும் காரை இல்லாமல், எடையாலேயே ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு கல்லை உருவினால் உள்ளே இருக்கும் நிரப்பு அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்ததுபோல் கொட்டும். ஆகவே முதலில் முழு அடிவாரத்தையும் இடுப்புப் பட்டை போட்டதுபோல் சுற்றி இறுக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம், உத்தரம் நுழைக்க வசதியான இடம் எது? தரைக்குச் சற்று மேலே, ஜகதியும் குமுதமும் இருக்கும் உயரம். கல்வெட்டு இருப்பதும் அங்கேதான்! நூற்றுக்கணக்கான கோயில்களில் ஊர்ச்சபைத் தீர்மானமும், நிலக்கொடையும், விளக்குக்கு விட்ட ஆட்டுக் கணக்கும் அந்த வரிசையில்தான் வெட்டியிருக்கிறது. கைலாசநாதர் இன்னும் சிக்கல். உடம்பு மணற்கல், அடிவரிசை கருங்கல். எடையை வாங்கும் கருங்கல்லைத் தொட்டால் அதன் மேல் இருக்கும் மணற்கல் தாங்குமா? 1,300 வருடம் மழையில் கரைந்த கல் அது.

யார்க் பேராலயத்தில் 1967 முதல் 1972 வரை நடு கோபுரத்தைக் காப்பாற்றிய வேலை நமக்குக் கொஞ்சம் நெருக்கமான பாடம். சுமார் 16,000 டன் கோபுரம். பெர்னார்ட் பீல்டன் தலைமையில் பழைய அஸ்திவாரத்தைச் சுற்றி காங்கிரீட் வளையம் போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இறுக்கி, அடியில் தட்டையான ஜாக்கிகளை வைத்து மண்ணை முன்கூட்டியே அமுக்கினார்கள். கோபுரத்தைத் தூக்கவில்லை. பழைய அஸ்திவாரத்தை எடுத்துப் போடவும் இல்லை, அதை அகலப்படுத்தினார்கள். தோண்டிய இடத்தில் ரோமானியப் படைமுகாமின் கட்டடம் வெளியே வந்தது. தொல்லியல்காரர்கள் பொறியாளர்களோடு அதே குழிகளில் வேலை பார்த்தார்கள். இன்று அந்தப் பள்ளம் ஒரு அருங்காட்சியகம்.

தரைக்கு அடியில் சரித்திரம் இருக்கும் என்பது நமக்கும் தெரியாததல்ல. மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் கால முருகன் கோயிலின் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. பழைய கோயிலையே அஸ்திவாரமாக்கி மேலே கல்லில் கட்டியிருக்கிறார்கள். அங்கே மேற்கட்டுமானம் ஏற்கெனவே போய்விட்டதால் தோண்ட முடிந்தது. நிற்கும் கோயில்களின் அடியில் என்ன இருக்கிறது?

உத்திரமேரூரில் 2020 டிசம்பரில் நடந்தது இதற்கு நேர் எதிர். குழம்பேசுவரர் கோயிலைப் புதுப்பிக்க ஊர்க்காரர்கள் இடித்தபோது கருவறை முன் படிக்கல்லுக்கு அடியில் அரைக்கிலோவுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. அடுத்த சில நாள் செய்தியெல்லாம் தங்கம் யாருக்கு, அரசுக்கா ஊருக்கா என்பதுதான். கோயிலை ஏன் முழுக்க இடித்தார்கள், படிக்கல்லின் அடியில் மண் எப்படி இருந்தது, எத்தனை அடுக்கு, செங்கல் இருந்ததா என்று கேட்ட ஒரு வரியைக்கூட நான் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர்கள் கைக்காசு போட்டு, பக்தியோடு செய்த வேலை. 'முட்டுக் கொடுத்து, அப்படியே நிறுத்தி, அடியை மட்டும் சரிபண்ணலாம்' என்று சொல்ல ஒரு ஆள் அந்த இடத்தில் இல்லை. பிரித்துக் கட்டுவது எல்லாருக்கும் தெரியும், நிறுத்தி வைத்துச் சரிசெய்வது யாருக்கும் தெரியாது. அதுதான் நிலைமை.

வேடிக்கை என்னவென்றால், தற்காலிகம் என்ற யோசனை நம் மரபில் இல்லாமல் இல்லை. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்கிறோம். சாமியின் சக்தியைக் கும்பத்துக்கோ சின்னப் பலகைக்கோ மாற்றி, தனியிடத்தில் வைத்து, பூஜை ஒரு நாள்கூட நிற்காமல் நடத்தி, வேலை முடிந்ததும் திருப்பி ஏற்றுகிறோம். எவ்வளவு கவனமான பார மாற்றம்! சாமிக்குச் செய்கிற இந்தப் பாதுகாப்பைச் சுவருக்குச் செய்யவில்லை. திருப்பணி நோட்டீஸ்களில் பாலாலயத்துக்குத் தனித்தேதி இருக்கிறது. முட்டுக் கொடுக்க ஒரு செலவு இனம் போட்ட மதிப்பீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன கிழித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாத்தா வீடு. நாட்டு ஓடு, மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர், கூடத்தில் குழித்தறி. சித்தப்பா இன்றைக்கும் அதில்தான் நெய்கிறார். சில வருடம் முன்பு பக்கத்து மனையை வாங்கியவர் கீழே குடோன் வைத்துக் கடை கட்ட முடிவு செய்தார். நான் சென்னையில் இருந்தேன், போனில் சித்தப்பா சொன்னார். 'அதெல்லாம் பார்த்துப்பாங்க சித்தப்பா' என்றேன். வின்செஸ்டர் பற்றி அதே வாரம் இரண்டு ராத்திரி படித்திருந்தேன் என்பதுதான் கேவலம்.

பொக்லைன் வந்து எங்கள் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஏழடி வெட்டியது. எங்கள் கடைக்கால் இரண்டரை அடிதான். ஒரே நாளில் வேலை முடிந்தது. சுவர் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் காலை சித்தப்பா போன் செய்தார். "தம்பி, பாவு ஒரு பக்கம் தளருது. ரெண்டு தடவை இழுத்துக் கட்டிட்டேன், மறுபடி தளருது." சுவரில் அப்போது ஒரு கீறல்கூட இல்லை. பாவை இழுத்துப் பிடித்திருந்த முளை அந்தச் சுவர் ஓரத்தில் இருந்தது. நூல் கணக்காக நிலம் நகர்வதை நாற்பது வருடம் நெய்த கை முதலில் பிடித்துவிட்டது. லட்ச ரூபாய்க் கருவி செய்யும் வேலை அது.

அன்று சாயந்திரம் நான் போய்ச் சேர்ந்தபோது நிலைப்படி மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. ஊரில் ஒரு வயசான மேஸ்திரியைக் கூட்டிவந்தோம். பள்ளத்தில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். "ஈரம் இருக்கிற வரைக்கும்தான் தம்பி நிக்கும். காஞ்சா உதிரும், மழை பேஞ்சா கரையும்" என்றார். ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் அடியில் மண் மூட்டைகளை அடுக்கி, சவுக்குக் கட்டையால் சாய்வு முட்டு. முட்டின் கால் எதில் நிற்கும் என்று கேட்டு, பள்ளத்தின் எதிர் ஓரத்தில் கருங்கல் பாவி அதன் மேல் நிறுத்தினார், முட்டுக்கும் கடைக்கால் வேண்டுமே. பிறகு நான்கடி நான்கடியாக, ஒன்றை விட்டு ஒன்று, மண்ணை எடுத்துக் கட்டிக்கொண்டே போனார். பழைய சுவருக்கும் புதுக் கட்டுக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதில் கிட்டத்தட்ட காய்ந்த சிமெண்ட் கலவையைக் கட்டையால் அடித்து அடித்து இறுக்கினார். தண்ணீர் அதிகமானால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும், பாரம் இறங்காது. இதே உத்தியைப் பின்னால் ஒரு ஆங்கிலக் கையேட்டில் படித்தபோது சிரிப்பு வந்தது. இருபது நாள் ஆயிற்று. மனைக்காரர் கோபித்துக்கொண்டார், பிறகு பாதிச் செலவு கொடுத்தார்.

கைலாசநாதரைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டத் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும், சட்டம் இருக்கிறது. தறி வீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் காஞ்சிபுரம் என்று உலகம் சொல்லும் பொருள் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறது. தெருவுக்குத் தெரு குழித்தறி என்றால், தெருவுக்குத் தெரு சுவர் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழடி வானம், இந்தப் பக்கம் இரண்டு முழம் தள்ளி தறிக்குழி. நடுவில் இருந்தது ஒரு மண்திட்டு, அவ்வளவுதான். மேஸ்திரி முதலில் செய்யச் சொன்ன வேலையே தறிக்குழியை மணல் போட்டு மூடுவது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் பாவை அறுத்துக் கொடுத்தார். பாதி நெய்த முகூர்த்தப் புடவை.

தறி இப்போது எதிர்ச்சுவர் பக்கம். வெளிச்சம் அங்கே குறைவு, மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறுகிறது. விரிசலின் மேல் மேஸ்திரி ஒட்டிவிட்டுப் போன கண்ணாடித் துண்டுகள் மூன்று, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் தேதி. சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். போன கார்த்திகை மழையில் நடுத்துண்டு தெறித்திருந்தது. சித்தப்பா புதிதாக ஒன்றை ஒட்டி, தேதி போட்டு, போட்டோ அனுப்பியிருக்கிறார்.